புகைபோக்கியா, உலையா: சட்பரியின் கந்தக வரம்பும் புத்தாக்கமும்

1972-இல் கனடாவின் சட்பரி நகரில் இன்கோ நிறுவனத்தின் நிக்கல் உருக்காலை ஒரு புதிய புகைபோக்கியை இயக்கத்துக்குக் கொண்டுவந்தது. உயரம் 381 மீட்டர். அன்றைக்கு உலகில் அதைவிட உயரமான புகைபோக்கி இல்லை. செலவு ஏறத்தாழ 2.5 கோடி கனடா டாலர். அதே ஆலை 1994-க்குள் தன் உலைகளையே மாற்றியது. அதற்கு ஏறத்தாழ 60 கோடி டாலர் செலவானது. தாதுவில் இருக்கும் கந்தகத்தில் 90 விழுக்காடு காற்றுக்குப் போகாமல் நின்றது. நிறுவனம் ஒன்று, தாது ஒன்று, ஊரும் ஒன்று. இரண்டு வேலைகளுமே அரசாணையின் அழுத்தத்தில் நடந்தவை. ஆனால் முதலாவது புகையைத் தொலைவுக்கு அனுப்பியது, இரண்டாவது புகையைக் குறைத்தது.

சூழல் விதிகள் புத்தாக்கத்தைத் தூண்டுமா, முடக்குமா என்ற விவாதம் பழையது. விதிக்கு இணங்கச் செலவிடும் பணம் ஆராய்ச்சிக்கான பணத்தைத் தின்றுவிடும் என்பது ஒரு கட்சி. நன்றாக வடிவமைத்த விதி வீணடிப்பைக் கண்டுபிடிக்க வைக்கும், அந்த மிச்சமே செலவை ஈடுகட்டும் என்று 1991-இல் வணிகவியல் பேராசிரியர் மைக்கேல் போர்ட்டர் முன்வைத்தது மறுகட்சி. கனிமத்தை நம்பி வாழும் நகரங்களில் இந்த விவாதம் இன்னும் கூர்மையாகிறது. அங்கே ஒரு ஆலைதான் ஊரின் சம்பளம், வரி, வீட்டு விலை எல்லாம். சட்பரி இரண்டு கட்சிக்கும் சான்று தருகிறது. எப்போது எது நடந்தது, ஏன் நடந்தது என்று பிரித்துப் பார்ப்பதே இங்கே வேலை.

ஊரும் தாதுவும்

சட்பரி ஒன்டாரியோ மாநிலத்தில், டொராண்டோவுக்கு வடக்கே சாலைவழியாக ஏறத்தாழ 390 கிலோமீட்டரில் இருக்கிறது. ஏறத்தாழ 185 கோடி ஆண்டுகளுக்கு முன் விண்கல் மோதி உண்டான பள்ளத்தின் விளிம்பில் நிக்கலும் செம்பும் படிந்தன. 1883-இல் ரயில் பாதை வெட்டும்போது தாது கண்ணில் பட்டது. 1971-இலும் 1972-இலும் அப்போலோ விண்வெளி வீரர்கள் இங்கே பயிற்சிக்கு வந்தார்கள். நிலம் நிலவைப் போல மொட்டையாக இருந்ததால்தான் வந்தார்கள் என்று இன்றும் பலர் சொல்வது தவறு. மோதலில் உருவான பாறைகளைப் படிக்கத்தான் வந்தார்கள். மொட்டையாக இருந்தது மட்டும் உண்மை.

தாதுவில் மூன்று கனிமங்கள் முக்கியம். நிக்கலைச் சுமப்பது பென்ட்லாண்டைட், செம்பைச் சுமப்பது சால்கோபைரைட். மூன்றாவதான பைரோடைட் இரும்பும் கந்தகமும் சேர்ந்தது. அதற்குள் ஒரு விழுக்காட்டுக்கும் குறைவான நிக்கல் ஒளிந்திருக்கும். சட்பரியின் கந்தகச் சிக்கலுக்கு வேர் இந்தப் பைரோடைட்தான். மதிப்பில் சிறுபங்கு, கந்தகத்தில் பெரும்பங்கு. ஒரு டன் கந்தகம் எரிந்தால் இரண்டு டன் கந்தக டை ஆக்சைடு. அதையே பிடித்து அமிலமாக்கினால் மூன்று டன்னுக்குச் சற்று மேல் கந்தக அமிலம். இந்த இரண்டு எண்களை மனத்தில் வைத்துக்கொண்டால் பின்னால் வரும் முடிவுகள் எல்லாம் தாமாக விளங்கும்.

தொடக்க காலத்தில் தாதுவின் கந்தகத்தை எரித்து நீக்கும் வறுப்பு திறந்தவெளியில் நடந்தது. மரக்கட்டைகளை மெத்தைபோல அடுக்கி, மேலே தாதுவைக் குவித்து, தீ வைத்துவிட்டு விலகிவிடுவார்கள். பிறகு கந்தகமே எரிபொருளாகி மாதக்கணக்கில் புகையும். 1888-இல் தொடங்கிய இந்த வறுப்புக்களங்கள் 1929-இல்தான் நின்றன. கட்டைக்காகக் காடு வெட்டப்பட்டது, மிச்சமிருந்த செடியைத் தரையோடு தரையாகப் படர்ந்த புகை கருக்கியது, வேர்ப்பிடிப்பு போன சரிவுகளில் மண் அரித்துப் பாறை வெளிப்பட்டது. 1960-ஐ ஒட்டிய உச்சக்கட்டத்தில் இப்பகுதி ஆண்டுக்கு ஏறத்தாழ 25 லட்சம் டன் கந்தக டை ஆக்சைடை வெளியிட்டது. சுற்றிலும் 17,000 சதுர கிலோமீட்டர் பரப்பில் ஏறத்தாழ 7,000 ஏரிகளின் பி.எச். (இது குறையக் குறைய அமிலம் கூடும்) 6-க்குக் கீழே இறங்கியது.

முதல் ஆணை: எண் இருந்தது, நம்பிக்கை இல்லை

1970-இல் ஒன்டாரியோ அரசு இன்கோவுக்கு ஒரு கட்டுப்பாட்டு ஆணை பிறப்பித்தது. கந்தக டை ஆக்சைடு உமிழ்வு நாளொன்றுக்கு 5,200 டன் என்ற அளவிலிருந்து படிப்படியாக இறங்கி, 1978-க்குள் 750 டன்னுக்கு வர வேண்டும். தாளில் பார்த்தால் இது 1994-இல் நடந்ததைவிடக் கடுமையான குறைப்பு.

இதோடு கூடவே ஊருக்குள் தரைமட்டத்தில் எவ்வளவு செறிவு இருக்கலாம் என்ற கணக்கும் அழுத்தியது. நகரவாசிகளின் தொண்டையைக் கரித்ததும் தோட்டங்களைக் கருக்கியதும் அந்தத் தரைமட்டச் செறிவுதான். தரைமட்டச் செறிவைக் குறைக்க ஒரு பொறியாளருக்குக் கிடைக்கும் மிக மலிவான கருவி உயரம். புகையை மேலே ஏற்றினால் கீழே வருவதற்குள் நீர்த்துப்போகும். 381 மீட்டர்ப் புகைபோக்கி அந்த வேலையைச் செவ்வனே செய்தது. நகரத்துக் காற்று கண்கூடாகத் தெளிந்தது. ஆனால் புகைபோக்கி ஒரு கிராம் கந்தகத்தைக்கூடப் பிடிப்பதில்லை. அதே கந்தகம் நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் தள்ளி அமில மழையாக இறங்கியது. விதி எதை அளக்கிறதோ அதைத்தான் ஆலை மாற்றும். முகர்ந்து பார்க்கும் இடத்தில் அளந்தால் புகைபோக்கி வளரும். வெளியேறும் டன்னை அளந்தால் உலை மாறும்.

750 டன் என்ற எண்ணுக்கு என்ன ஆயிற்று? 1977-இல் நிக்கல் சந்தை விழுந்தது. இன்கோ சட்பரியில் 2,800 பேரைக் குறைப்பதாக அறிவித்தது. 1978-இல் அந்த 750 கைவிடப்பட்டு 3,600 டன் என்று தளர்த்தப்பட்டது. அதே ஆண்டு செப்டம்பரில் தொடங்கிய வேலைநிறுத்தம் 1979 ஜூன் வரை நீண்டது. பதினோராயிரத்துக்கும் மேற்பட்ட தொழிலாளர்கள் தெருவில் நின்றார்கள். ஊரே பட்டினிக்குப் பக்கத்தில் இருக்கும்போது கந்தக வரம்பை இறுக்க எந்த அமைச்சருக்கும் துணிவு வராது. ஆலை நிர்வாகத்துக்கும் அது தெரியும். தளர்ந்துவிடும் என்று எதிர்பார்க்கப்படும் வரம்புக்காக யாரும் புது உலை கட்டமாட்டார்கள். அப்படிக் கட்டினால் முந்திக்கொண்டவர்தான் நட்டப்படுவார். 1980-இல் வரம்பு 2,500 டன்னாகவும், 1983-க்குள் 1,950 டன்னாகவும் மீண்டும் இறுக்கப்பட்டது. இந்தப் பத்தாண்டுகளில் குறைப்பு நடக்கவே இல்லை என்று சொல்ல முடியாது. பைரோடைட்டைக் காந்தத்தாலும் நுரைமிதப்பு முறையாலும் பிரித்து உருக்காமல் ஒதுக்குவது பெருகியது. ஆனால் உலை பழையதாகவே இருந்தது.

பக்கத்தில் இருந்த இன்னொரு நிறுவனமான ஃபால்கன்பிரிட்ஜ் வேறு வழியில் போனது. 1978-இல் அது பாய்மப்படுகை வறுப்பான்களையும் (கீழிருந்து ஊதும் காற்றில் பொடி மிதக்கும் கலன்கள்) மின் உலைகளையும் அமில ஆலையையும் சேர்த்து ஒரு புதிய உருக்காலையை இயக்கியது. வறுப்பானில் கந்தகத்தின் பெரும்பகுதி அடர்ந்த வாயுவாக வெளியேறி அமில ஆலைக்குப் போகும். மின் உலையில் எரிபொருள் எரியாததால் புகை குறைவு. ஒரே ஊரில், ஒரே வகைத் தாதுவுக்கு, இரண்டு தொழில்நுட்ப விடைகள். அரசு ஒரு குறிப்பிட்ட கருவியைக் கட்டாயமாக்கியிருந்தால் இந்த இரண்டில் ஒன்று பிறந்தே இருக்காது.

கையிலேயே இருந்த விடை

இந்த நிகழ்வில் நாம் மிகவும் நிதானமாகப் பார்க்க வேண்டிய இடம் இது. 1994-இல் சட்பரியைக் காப்பாற்றிய தொழில்நுட்பம் 1994-இல் கண்டுபிடிக்கப்பட்டதல்ல. இன்கோ 1952-லேயே ஆக்சிஜன் ஃபிளாஷ் உலையை வணிக அளவில் ஓட்டிக்கொண்டிருந்தது. எரிபொருள் மிச்சம்தான் அதன் பெரிய கவர்ச்சி. கந்தக உமிழ்வுக்கு வரம்பு எதுவும் அப்போது இல்லை.

வேறுபாடு எளிது. பழைய எதிர்அனல் உலையில் எரிபொருளை எரித்து, அந்தத் தழலின் சூட்டில் தாதுவை உருக்குவார்கள். காற்றில் ஐந்தில் நான்கு பங்கு நைட்ரஜன். அதுவும் சூடாகி வெளியேறும். எரிபொருளின் புகை, ஓட்டைகள் வழியே நுழையும் காற்று எல்லாம் சேர்ந்தால் வெளிவரும் வாயுவில் கந்தக டை ஆக்சைடு ஒன்றிலிருந்து இரண்டு விழுக்காடுதான். அமில ஆலையில் வனேடியம் வினையூக்கி தன் வெப்பத்திலேயே ஓட வாயுவில் சுமார் ஐந்து விழுக்காடாவது வேண்டும். ஒன்றிரண்டு விழுக்காட்டு வாயுவைப் பிடிப்பது அடாத செலவு. ஃபிளாஷ் உலையிலோ உலர்ந்த நுண்பொடியான அடர்தாதுவை (வெறும் பாறையை நீக்கிச் செறிவாக்கிய தாது) ஏறத்தாழ தூய ஆக்சிஜனோடு ஊதிவிடுவார்கள். கந்தகமும் இரும்பும் பறக்கும்போதே எரிந்து, அந்தச் சூட்டிலேயே தாது உருகிவிடும். எரிபொருள் ஏறக்குறைய தேவையில்லை. நைட்ரஜன் இல்லாததால் வாயு அளவில் சிறியது, செறிவில் 70–80 விழுக்காடு. அதைக் குளிரவைத்துத் திரவமாக்கிக் காகிதக்கூழ் ஆலைகளுக்கு விற்கவே முடிந்தது.

நாற்பது ஆண்டுகள் இந்த உலை செம்பு அடர்தாதுவுக்கு மட்டும் ஓடியது. நிக்கல் பழைய எதிர்அனல் உலைகளிலேயே கிடந்தது. காரணங்கள் இருந்தன. ஆக்சிஜனேற்றம் கடுமையானால் நிக்கலிலும் கோபால்ட்டிலும் கூடுதல் பங்கு கசடோடு, அதாவது உருக்கும்போது பிரியும் கழிவோடு, போய்விடும். அடர்தாது ஈரமாக இருந்தால் உலை ஓடாது; ஈரம் 0.2 விழுக்காட்டுக்குக் கீழே இறங்க பாய்மப்படுகை உலர்த்திகள் வேண்டும். பெரிய ஆக்சிஜன் ஆலை வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, ஓடிக்கொண்டிருக்கும் பழைய உலை விலை தீர்ந்தது; புதியதற்கு முதல் போட வேண்டும். தெரிந்த தொழில்நுட்பத்தை அலமாரியிலிருந்து எடுத்து, அதன் குறைகளைத் தீர்த்து, முழு ஆலைக்கும் பரப்ப வைப்பதுதான் விதியின் வேலை. சட்பரியில் விதி கண்டுபிடிப்பை உண்டாக்கவில்லை. கண்டுபிடிப்பின் காத்திருப்பை முடித்துவைத்தது. காப்புரிமைகளை மட்டும் எண்ணிப் புத்தாக்கத்தை அளக்கும் ஆய்வுகள் தவறவிடுவது இதைத்தான்.

1985 டிசம்பர்

அந்த மாதம் ஒன்டாரியோ சூழல் அமைச்சர் ஜிம் பிராட்லி அமில மழையைக் குறைக்கும் ‘கவுன்ட்டவுன் ஆசிட் ரெயின்’ திட்டத்தை அறிவித்தார். நான்கு பெரிய உமிழ்வாளர்களுக்கு ஆண்டு வரம்பு நிர்ணயிக்கப்பட்டது. இன்கோவுக்கு 6,85,000 டன்னிலிருந்து 1994-க்குள் 2,65,000 டன். ஃபால்கன்பிரிட்ஜுக்கு 1,54,000-லிருந்து 1,00,000.

வடிவமைப்பைக் கவனியுங்கள். வரம்பு ஆண்டு டன்னில் இருந்தது, செறிவில் இல்லை. ஆலை வளாகம் முழுவதற்கும் ஒரே எண். உள்ளே எந்த உலையில் எவ்வளவு என்பது நிறுவனத்தின் பாடு. வழி குறிப்பிடப்படவில்லை. கட்டுப்பாட்டு ஆணையாக இல்லாமல் சட்டத்தின் கீழான ஒழுங்குமுறையாகவே கொண்டுவரப்பட்டது. ஆறு மாதத்துக்கு ஒருமுறை ஆராய்ச்சியின் முன்னேற்றத்தை எழுத்தில் தர வேண்டும். 1988 டிசம்பருக்குள் எந்த முறையைப் பின்பற்றப்போகிறோம் என்ற இறுதித் திட்டம் வந்துவிட வேண்டும். இன்னும் கீழே, 1,75,000 டன் வரை போக முடியுமா என்றும் ஆராயச் சொன்னார்கள்.

ஆறு மாத அறிக்கை ஏதோ அலுவலகச் சடங்குபோலத் தெரியலாம். உண்மையில் இதுதான் திட்டத்தின் அச்சாணி என்று சொல்வோம். 1970 ஆணையில் கடைசித் தேதி மட்டும் இருந்தது. அந்தத் தேதி வரும்வரை அரசுக்கும் தெரியாது, ஊருக்கும் தெரியாது, வந்தபோது "முடியவில்லை" என்ற ஒரே விடைதான் கிடைத்தது. அறிக்கை கேட்கும்போது ஆராய்ச்சிக் குழுவுக்கு ஆலைக்குள் பலம் கூடுகிறது. எந்த வழி ஏன் கைவிடப்பட்டது என்று எழுத வேண்டியிருப்பதால், மலிவான சாக்குகள் சீக்கிரமே தீர்ந்துபோகும். எட்டாண்டு அவகாசமும் தற்செயலாகப் பொருந்தவில்லை. மூன்றாண்டு சோதனை, ஓராண்டு வடிவமைப்பு, நான்காண்டு கட்டுமானம். ஓடும் ஆலையின் நடுவே உலையை மாற்ற அதற்குக் குறைந்து முடியாது.

இன்கோ கடைசியில் தேர்ந்தெடுத்தது இதை: செம்பையும் நிக்கலையும் சேர்த்த கலப்பு அடர்தாதுவை இரண்டு ஃபிளாஷ் உலைகளில் உருக்குவது. வறுப்பான்களும் எதிர்அனல் உலைகளும் மூடப்பட்டன. தாது அரைப்பும் பிரிப்பும் கிளாராபெல் ஆலையில் ஒருங்கிணைக்கப்பட்டன, அங்கே பைரோடைட் இன்னும் கடுமையாக ஒதுக்கப்பட்டது. புதிய ஆக்சிஜன் ஆலையும் நாளொன்றுக்கு ஏறத்தாழ 2,900 டன் திறனுள்ள அமில ஆலையும் வந்தன. எரிபொருள் செலவு விழுந்தது, ஆள் ஒன்றுக்கான உற்பத்தி ஏறியது. போர்ட்டர் சொன்ன ஈடு இங்கே நிஜமாகவே கிடைத்தது.

இதை வைத்து "கடுமையான விதி போதும்" என்று எழுதிவிட்டால் அது பொய்யாகும். 1988–89-இல் நிக்கல் விலை வரலாறு காணாத உயரத்துக்குப் போனது. நிறுவனத்தின் கையில் பணம் இருந்தது. 1978-இல் இதே நிறுவனம், இதே அரசு, இன்னும் கடுமையான எண், ஆனால் பணம் இல்லை. எண்ணெய் விலை உயர்வுக்குப் பிறகு எதிர்அனல் உலைகள் எப்படியும் கிழடு தட்டிவிட்டன. வரம்பு, உலையின் ஆயுள் முடிவு, கனிம விலை ஏற்றம் மூன்றும் ஒரே காலத்தில் சந்தித்தன. இவற்றில் விதியின் பங்கை மட்டும் தனியே பிரித்து எண்ணாகச் சொல்ல முடியாது. ஆனால் 1978-ஐயும் 1988-ஐயும் பக்கத்தில் வைத்தால் ஒன்று தெரியும்: பணம் வந்தபோது அது எங்கே போக வேண்டும் என்பதை 1985-இன் எண் முன்கூட்டியே தீர்மானித்து வைத்திருந்தது.

கந்தகம் எங்கே போகிறது

வேறு நகரத்தில் இதுபோன்ற ஆய்வைத் தொடங்குவோர் முதலில் போட வேண்டியது கந்தகச் சமநிலைக் கணக்கு. எடுத்துக்காட்டாக ஒரு கற்பனை ஆலை. நாளுக்கு 10,000 டன் தாது, அதில் 8 விழுக்காடு கந்தகம், 800 டன். ஒன்றும் செய்யாவிட்டால் 1,600 டன் கந்தக டை ஆக்சைடு காற்றில். பைரோடைட்டை ஒதுக்கிப் பாதிக் கந்தகத்தை உருக்காமலே கழித்தால் உலைக்கு வருவது 400 டன். அதில் 80 விழுக்காட்டை அமில ஆலை பிடித்தால் 320 டன் கந்தகம், அதாவது 980 டன் அமிலம். காற்றுக்குப் போவது 80 டன் கந்தகம், 160 டன் வாயு. குறைப்பு 90 விழுக்காடு. ஆனால் "90 விழுக்காடு பிடித்தோம்" என்ற சொல்லுக்குள் இரண்டு வேறு பொருள்கள் இருக்கின்றன: பாதிக்கு மேல் ஆலைக் கழிவைத் தேக்கும் சேற்றுக் குட்டைக்குப் போனது, மீதி தொட்டிவண்டியில் ஏறியது.

குட்டைக்குப் போனது சும்மா இருப்பதில்லை. பைரோடைட் காற்றும் நீரும் பட்டால் வேகமாக ஆக்சிஜனேற்றமாகி அமில நீரை விடும். நிக்கலும் இரும்பும் அதில் கரைந்து வரும். எனவே கழிவுச்சேற்றை நீருக்கடியிலோ மூடாக்கின் கீழோ வைத்திருக்க வேண்டும், ஊறி வரும் நீரைச் சுண்ணாம்பு கலந்து சுத்திகரிக்க வேண்டும், சுரங்கம் மூடிய பிறகும் நெடுங்காலம். காற்று வரம்பு மட்டும் இறுகி, நீர் வரம்பு தளர்ந்திருக்கும் ஊரில் ஆலை கந்தகத்தை மண்ணுக்கு மாற்றிவிட்டுப் புத்தாக்கம் என்று பெயர் சூட்டிக்கொள்ள முடியும். இரண்டு அனுமதிகளையும் ஒரே மேசையில் வைத்துப் பார்க்காத ஆய்வு பாதி ஆய்வு.

தொட்டிவண்டிப் பக்கமும் எளிதல்ல. 980 டன் அமிலம் என்றால் 90 டன் கொள்ளும் ரயில் தொட்டிகள் நாளுக்குப் பதினொன்று. அமிலம் மலிவு, கனம், ஆபத்து. சேமிப்புத் தொட்டிகள் நிறைந்துவிட்டால் உலையை நிறுத்த வேண்டியதுதான். ரயில் வேலைநிறுத்தமோ, வாங்குபவரின் ஆலை பழுதோ, நிக்கல் உற்பத்தியையே தட்டிவிடும். வாயுவில் தூசி மிஞ்சினால் வினையூக்கிப் படுகை அடைபடும், ஈரம் மிஞ்சினால் குழாய்களில் அமிலம் படிந்து இரும்பைத் தின்னும். அமில ஆலை நின்றால் உலையும் நிற்க வேண்டும் என்பதை அனுமதிப் பத்திரத்திலேயே எழுதாவிட்டால், இரவு நேரத்தில் புகையை நேரே காற்றுக்கு விடும் மாற்றுக்குழாய் திறக்கும்.

வாங்குபவர் அருகில் இருந்தால் என்ன நடக்கும் என்பதற்குக் கனடாவின் மேற்கில் டிரெயில் நகரம் சாட்சி. அங்கே ஈயம், துத்தநாக உருக்காலையின் புகை எல்லை தாண்டி வாஷிங்டன் மாநிலத்துப் பண்ணைகளைக் கருக்கியது. வழக்கு பன்னாட்டு நடுவர் மன்றம் வரை போய் 1938-இலும் 1941-இலும் தீர்ப்பானது. ஆனால் தீர்ப்புக்கு முன்பே, 1930-களின் தொடக்கத்திலேயே, நிறுவனம் அமிலத்தை உரமாக்கும் ஆலையைக் கட்டிவிட்டது. பிரெய்ரி சமவெளியின் கோதுமை நிலங்கள் அதை வாங்கின. கழிவு சரக்கானது. சட்பரிக்கு அப்படி ஒரு சமவெளி பக்கத்தில் இல்லை. அதனால்தான் அங்கே விதி இன்னும் உறுதியாக இருக்க வேண்டியிருந்தது.

கடைசிப் பத்து விழுக்காடு

2002-இல் வந்த ஆணை இன்கோவின் வரம்பை 2007 முதல் 1,75,000 டன்னாக இறக்கியது. மிச்சமிருந்த புகையின் பெரிய ஊற்று மாற்றிகள். மாற்றி என்பது, உலையிலிருந்து வரும் உருகிய பொருளில் மிஞ்சிய இரும்பையும் கந்தகத்தையும் எரித்து நீக்கும் கலன்; அது தொடர்ச்சியாக இல்லாமல் விட்டுவிட்டு இயங்கும். அந்த உருகிய பொருளை (மேட், matte) வாளியில் கொண்டுவந்து ஊற்றுவார்கள், காற்று ஊதுவார்கள், சாய்த்துக் கசடை வடிப்பார்கள், மறுபடி ஊற்றுவார்கள். ஒவ்வொரு சாய்ப்பிலும் மூடி விலகும். புகை கூடத்துக்குள் கசியும், வெளிக்காற்று உள்ளே ஏறி வாயுவை நீர்த்துவிடும். ஒரே சீரான ஓட்டத்தை விரும்பும் அமில ஆலைக்கு இது ஒத்துவராத உணவு. நெருக்கமான மூடிகள், கசியும் புகையை உறிஞ்சும் இரண்டாம் நிலை மூடிகள், பை வடிகட்டிகள், ஈரமுறையில் வாயுவைத் தூய்மையாக்கும் ஆலை எல்லாம் சேர்ந்தால்தான் இதைப் பிடிக்கலாம். இன்கோவை வாங்கிய வேல் நிறுவனம் 2018-இல் முடித்த திட்டம் இதைத்தான் செய்தது. செலவு ஏறத்தாழ 100 கோடி டாலர், உமிழ்வு மேலும் 85 விழுக்காடு குறைந்தது. 60 கோடியில் முதல் பெரும்பங்கு. மிச்சத்தைப் பிடிக்க 100 கோடி.

ஒன்றைச் சேர்த்துச் சொல்ல வேண்டும். 2017-இல் இரண்டு உலைகள் ஒன்றாகக் குறைக்கப்பட்டன. செம்பு அடர்தாதுவைத் தனியாகப் பிரித்து வெளிச்சந்தைக்கு அனுப்பும் ஏற்பாடும் வந்தது. திட்டத்தின் செலவு பாதியாகக் குறைந்ததற்கும் இது காரணம். ஆக ஊர் எல்லைக்குள் குறைந்ததில் ஒரு பங்கு புகையைப் பிடித்ததால், ஒரு பங்கு உருக்குவதே குறைந்ததால். அடர்தாது இன்னோர் ஊரில் உருக்கப்படும். நகர அளவிலான தரவை மட்டும் வைத்து விதியின் வெற்றியை அளப்போர் இந்த இரண்டாவது பங்கைத் தனியே எடுத்து வைக்க வேண்டும்.

ஊருக்குக் கிடைத்தது

1970-களின் தொடக்கத்தில் இன்கோவில் வேலை பார்த்தவர்கள் 18,000-க்கு மேல். இன்று அதே செயல்பாட்டில் ஏறத்தாழ 4,000. பெரும்பகுதி சந்தையாலும் எந்திரமயமாக்கலாலும் போனது. விதியின் மேல் போட முடியாது. ஆனால் "புத்தாக்கம் வந்தது" என்ற சொல் வேலை இழந்த வீட்டுக்கு ஆறுதலாகாது. இதை மறைக்கும் ஆய்வுகளை அந்த ஊர்க்காரர்கள் நம்பாததில் வியப்பில்லை.

நகரம் தன் பங்குக்கு உருவாக்கிய புத்தாக்கம் மொட்டை நிலத்தை மீண்டும் பசுமையாக்கியது. அது எந்த வரம்பாலும் வரவில்லை. 1978-இன் வேலையின்மையால் வந்தது. லாரன்ஷியன் பல்கலைக்கழகத்தின் கீத் விண்டர்ஹால்டர் போன்றோர் சோதனைத் திட்டுகளில் கண்டது இது: மண்ணில் செடி வராததற்குக் காரணம் சத்துக்குறைவு மட்டுமல்ல, அமிலத்தில் கரைந்து நிற்கும் செம்பும் நிக்கலும் வேரைக் கருக்குவதுதான். பி.எச். ஏறினால் உலோகம் கட்டுண்டுவிடும். எனவே ஹெக்டேருக்கு 10 டன் டோலமைட் சுண்ணாம்புக்கல் பொடி. டோலமைட் ஏனென்றால் மக்னீசியமும் சேர்ந்து கிடைக்கும். பிறகு 6-24-24 உரம் (தழை, மணி, சாம்பல் சத்துகளின் விழுக்காடு) ஏறத்தாழ 400 கிலோ. பிறகு புற்களும் பயறுவகைகளும் கலந்த விதை 30–40 கிலோ. பாறைச் சரிவில் எந்திரம் ஏறாது. பொதுப்பணத்தில் வேலைக்கு எடுக்கப்பட்டவர்கள் மூட்டையைத் தோளில் சுமந்து, வரிசையாக நடந்து, கையால் தூவினார்கள். உழவே தேவைப்படவில்லை. சுண்ணாம்பு விழுந்த இடத்தில் காற்றில் வந்த பிர்ச், ஆஸ்பென் விதைகள் தாமாகவே முளைத்தன. பிறகு பைன் கன்றுகள். இதுவரை 3,400 ஹெக்டேருக்கு மேல் சுண்ணாம்பு கண்டது. 2022-இல் ஒரு கோடியாவது மரம் நடப்பட்டது. ஆனால் 1970-க்கு முந்தைய தரைப்புகை நீடித்திருந்தால் இந்தச் செய்முறை ஒரு கோடைகூடத் தாங்கியிருக்காது. ஊருக்குள் காற்றைத் தெளிவித்த வகையில் அந்தப் புகைபோக்கிக்கும் இதில் பங்குண்டு.

ஏரிகளுக்குப் புகைபோக்கி உதவவில்லை, உலை உதவியது. ஆலையிலிருந்து 13 கிலோமீட்டரில் உள்ள கிளியர்வாட்டர் ஏரியின் பி.எச். 1970-களில் 4.3-ஐ ஒட்டி இருந்தது. யாரும் சுண்ணாம்பு கொட்டாமலே இப்போது 6-ஐத் தாண்டிவிட்டது. இந்த மீட்சியைப் படிக்கக் கூடிய அறிவியல் குழுக்களும், சுரங்கத்துக்குக் கருவி, காற்றோட்டம், பாறைத் தாங்கல் செய்து தரும் முந்நூறு அளவிலான நிறுவனங்களும் இன்று ஊரின் இன்னொரு தொழில். ஆனால் இது உடையக்கூடியது. 2021-இல் லாரன்ஷியன் பல்கலைக்கழகம் கடன் கொடுத்தவர்களிடமிருந்து நீதிமன்றப் பாதுகாப்பு கோரி, 69 பாடத்திட்டங்களை நீக்கியது. ஒரே ஆலையை நம்பியிருந்த ஊர் ஒரே பல்கலைக்கழகத்தை நம்பினாலும் அதே ஆபத்துதான்.

மற்ற ஊர்களுக்கு எவ்வளவு பொருந்தும்

சீனா 2013-இல் வெளியிட்ட திட்டத்தில் 262 நகரங்களை வளம் சார்ந்தவை என்று பட்டியலிட்டு, வளர்பவை 31, முதிர்ந்தவை 141, தேய்பவை 67, மீண்டவை 23 என்று பிரித்தது. 2018 முதல் அங்கே காற்று மாசுக்கு அலகு ஒன்றுக்கு 1.2 யுவான் முதல் 12 யுவான் வரை வரி. எவ்வளவு என்பதை மாநிலம் தீர்மானிக்கும். கந்தக டை ஆக்சைடுக்கு ஓர் அலகு 0.95 கிலோ. ஆக டன்னுக்கு ஏறத்தாழ 1,260 யுவானிலிருந்து 12,600 வரை. பத்து மடங்கு இடைவெளி. கீழ்முனையில் வரியைக் கட்டிவிட்டு ஓட்டுவது மலிவு, மேல்முனையில் அமில ஆலை கட்டுவது மலிவு என்ற நிலை பல ஆலைகளுக்கு வரும். சராசரி எடுத்து "வரி புத்தாக்கத்தைத் தூண்டியதா" என்று கேட்டால் விடை மங்கலாகத்தான் வரும். எந்த வகை நகரம், எந்த விகிதம், ஆலையின் உலைக்கு எத்தனை வயது என்று பிரித்துக் கேட்க வேண்டும். தாது தீரப்போகும் ஊரில், இருபதாண்டுக்கான உலையில் யாரும் முதல் போடமாட்டார்கள். அங்கே கடும் வரம்பு மூடலை விரைவாக்கும், அவ்வளவே. அத்தகைய ஊருக்கு 1978-இன் சுண்ணாம்பு மூட்டை போன்ற பொதுப்பணமும் பயிற்சியும் வரம்புக்கு முன்பே வர வேண்டும்.

சட்பரியின் 381 மீட்டர்ப் புகைபோக்கி 2020-இல் சேவையிலிருந்து விலக்கப்பட்டது. அதன் இடத்தில் 137 மீட்டர் உயரத்தில் இரண்டு சிறிய புகைபோக்கிகள் நிற்கின்றன. பிடித்த பிறகு மிஞ்சும் வாயுவுக்கு அந்த உயரம் போதும். சேற்றுக் குட்டைகளின் அடியில் பல பத்தாண்டுகளாக ஒதுக்கப்பட்ட பைரோடைட் இன்னும் கிடக்கிறது, ஒரு விழுக்காட்டுக்கும் குறைவான நிக்கலோடும் முழுக் கந்தகத்தோடும். அந்த நிக்கலை உருக்காமல், நுண்ணுயிரிகளைக் கொண்டு கரைத்தெடுக்கும் முயற்சிகள் சோதனை நிலையில் நடக்கின்றன. காற்றுக்கு 1985-இல் போட்டதைப் போன்ற ஓர் ஆண்டு எண் அந்தக் குட்டைகளுக்கு இன்னும் யாரும் போடவில்லை.